நேராக்கிய வட்டம்

மாத்தளை நகரில் அச்சுக்கடை நடத்தும் முனவ்வராவுக்குச் சாய்ந்து கிடக்கும் எதையும் பார்க்கப் பொறுக்காது. கலியாண வாழ்த்து, தேர்தல் முகம், டியூசன் விளம்பரம், எது வந்தாலும் அச்சிடுமுன் நேராக்கிவிடுவார். பதினேழு வருடத்தில் ஒருவரும் குறை சொன்னதில்லை.

லக்கலயில் நடக்கவிருந்த ஒரு கூட்டத்துக்குக் கட்டுகிற பெனரின் படம் வட்ஸ்அப்பில் வந்தபோதும் அதையே செய்தார். பெனரின் நடுவில் பெரிய வட்டம். இரண்டு கோடுகள் அதை நான்காகப் பிரித்தன. எதிரெதிரே இருந்த இரண்டு துண்டுகள் கறுப்பு, மற்ற இரண்டும் வெள்ளை. கோடுகள் சரிந்திருந்தன. முனவ்வரா வட்டத்தை நாற்பது பாகை திருப்பி, ஒரு கோட்டை நெட்டுக்கும் மற்றதைக் குறுக்குக்கும் நிறுத்தி, அச்சிட்டுச் சுருட்டி வைத்தார்.

செவ்வாய் காலை எட்டரைக்கு அதை எடுக்க வந்தவர் தனோஜன். யாழ்ப்பாணத்துக்காரர், நிலத்தையும் பாறையையும் ஆராயும் புவிச்சரிதவியல் படித்து அரசாங்க வேலையில் இருப்பவர். மூன்று வாரத்துக்கு முன் லக்கலப் பக்கம் நிலம் சில விநாடிகள் அதிர்ந்திருந்தது. சட்டி பானை விழுந்தது, சில சுவர்கள் வெடித்தன, யாருக்கும் காயமில்லை. நடந்தது என்ன என்று ஊராருக்கு விளக்கத்தான் அன்று பதினொன்றரைக்குக் கூட்டம்.

பெனரை விரித்துப் பார்த்த தனோஜன் வட்டத்தில் விரலை வைத்தார்.

“அக்கா, இதை ஆர் திருப்பினது?”

“நான்தான் சேர். கோணலா இருந்திச்சு, நேராக்கிட்டேன்.”

“அது கோணலாத்தான் இருக்க வேணும். நிலம் அப்பிடித்தான் அசைஞ்சது. படத்தில மேல் பக்கம் வடக்கு. இப்ப இந்தப் பெனரின்ர படி நிலத்துக்குக் கீழ இருக்கிற பிளவு நேரா வடக்க ஓடுது.”

“வடக்கன்னா தம்புள்ளைப் பக்கம். ஓடலியா?”

“இல்லை.”

முனவ்வராவுக்கு முகம் சுட்டது. மறுபடி அச்சிட வழியில்லை, இரண்டு மணி வரை கரண்ட் இல்லை. கத்தரிக்கோலை எடுத்தார்.

“வட்டத்த மட்டும் வெட்டி, திருப்பி ஒட்டித் தாரேன். ஆனா மொதல்ல இது என்னான்னு சொல்லுங்க. ரெண்டாம் தடவையும் பிழையா ஒட்ட மாட்டேன்.”

தனோஜன் கடையில் கிடந்த பாரமில்லாத இரண்டு றெஜிபோம் நுரைப் பலகைகளை மேசைமீது ஒன்றோடொன்று உரசும்படி வைத்தார். ஒவ்வொன்றின் முன்னும் பின்னும் கழிவுக் காகிதத்தை மேசையோடு சேர்த்து ஒட்டினார். பிறகு ஒரு பலகையை முன்னுக்கும் மற்றதைப் பின்னுக்கும் தள்ளினார். போகிற திசையில் இருந்த காகிதம் கசங்கியது. விட்டுவந்த பக்கத்தில் இருந்தது இழுபட்டது. கசங்கியது இரண்டு இடம், இழுபட்டது இரண்டு இடம், மூலைக்கு மூலை.

“தள்ளுப்பட்ட பக்கத்துக்குக் கறுப்பு, இழுபட்ட பக்கத்துக்கு வெள்ளை. தூரத்தில இருக்கிற கருவிகளுக்கு முதல் வந்த அசைவு தள்ளினதா, இழுத்ததா எண்டு பார்த்துத்தான் இதைக் கீறுறது.”

முனவ்வரா குனிந்து பார்த்தார். “பலகை ரெண்டும் ஒரசுற எடம் ஒரு கோடு. மத்தக் கோடு என்னத்துக்கு?”

“அந்தக் கோட்டில வழுக்கியிருந்தாலும் இதே நாலு துண்டுதான் வரும்.”

“அப்ப ரெண்டுல எது?”

“படத்துக்குத் தெரியாது.”

முனவ்வரா வட்டத்தை வெட்டி, தனோஜனின் போனில் இருந்த மூலப்படத்தோடு மூன்று தரம் ஒப்பிட்டு, இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டினார். அதற்குள் லக்கல பஸ் போய்விட்டது. அடுத்தது பின்னேரம்தான். கடையைப் பூட்டிவிட்டு, தன் வேனிலேயே அவரை ஏற்றிக்கொண்டு றத்தோட்டை வழியாகப் போனார்.

பாடசாலை மண்டபத்தில் அறுபது பேர் இருந்தார்கள், எல்லாரும் சிங்களம் பேசுபவர்கள். தனோஜனுக்குச் சிங்களம் தெரியும். ஆனால் அது அறிக்கைகளில் எழுதுகிற சிங்களம். பத்து நிமிடம் கழித்து ஒரு பெண் எழுந்தார்.

“மாத்தயா, படத்துல இருக்கிற அந்தப் பந்து எங்க வீட்டுக்குக் கீழயா இருக்கு?”

“பந்து என்று எதுவும் கீழே இல்லை,” என்று தனோஜன் அதே அறிக்கைச் சிங்களத்தில் விளக்கினார்.

யாருக்கும் விளங்கவில்லை. சிலர் எழுந்து போகப் பார்த்தார்கள். பின்வரிசையில் இருந்த முனவ்வராவால் பொறுக்க முடியவில்லை. இரண்டு டெஸ்க்குகளை இழுத்து அருகருகே வைத்தார். ஒவ்வொன்றின் இரு நுனியிலும் ஒவ்வொருவராக நான்கு பேரைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். ஒரு டெஸ்க்கை அவர் ஒரு பக்கம் தள்ள, மற்றதைத் தனோஜன் எதிர்ப்பக்கம் தள்ளினார். இருவருக்கு வயிற்றில் இடித்தது. இருவர் தடுமாறிக்கொண்டு பின்னால் இழுபட்டார்கள்.

“இடிபட்ட நீங்க ரெண்டு பேரும் கறுப்பு,” என்றார் முனவ்வரா சிங்களத்தில். “இழுபட்ட நீங்க ரெண்டு பேரும் வெள்ளை. அந்தப் படம் இவ்வளவுதான்.”

எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள்.

தகரக் கூரைச் சூட்டில் டேப் இளகி வட்டம் கீழே விழுந்தது. முன்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர் எடுத்து ஒட்டினார். “இல்ல, இல்ல, அந்தக் கறுப்பு மலைப் பக்கம் வரணும்!” என்று நாலைந்து பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அவர் திருப்பி ஒட்டினார். தனோஜன் பார்த்துத் தலையாட்டினார். அன்று முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

“ரெண்டு கோடு இருக்கே. எது வழியா வழுக்கிச்சு?” என்று முதியவர் கேட்டார்.

“அதைப் படம் சொல்லாது ஐயா. நிலத்திலதான் தேட வேணும்.”

“அத மொதல்லயே கேட்டிருக்கலாமே, எங்க வயல்ல வெடிச்சிருக்கு,” என்றார் அவர்.

கூட்டம் அப்படியே எழுந்து வயலுக்கு நடந்தது. வரம்பு ஓரத்தில் ஓர் ஆள் நீளத்துக்கு மண் வெடித்திருந்தது. தனோஜன் திசைகாட்டியை வைத்தார். இரண்டு கோடுகளில் ஒன்றின் திசையோடு அது ஒத்துப்போனது. ஊரார் கண் சிமிட்டாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“வறட்சியில வெடிச்சதாவும் இருக்கலாம்,” என்றார்.

யாரும் மறுக்கவில்லை. அடுத்த கிழமை வந்தால் வேறு வெடிப்புகளையும் காட்டுவதாகச் சொன்னார்கள். அவர் தேதி குறித்துக்கொண்டார்.

“சேர், அன்னைக்கும் பஸ் போயிடும்,” என்றார் முனவ்வரா. “நானே கூட்டிட்டு வாரேன். எனக்கும் எந்தக் கோடுன்னு தெரியணும்.”

நாலு மணிக்குமேல் வீதியில் யானை இறங்கும், உடனே கிளம்புங்கள் என்று ஊரார் துரத்தினார்கள். இருவரும் புழுதிக் காலோடு வேனில் ஏறினார்கள்.