சுவரோடு ஒட்டிய முதுகு

கிளினிக் வாசலில் கப்பிங் சிகிச்சைக்குப் பலகை மாட்டலாமா, கூடாதா? பிசியோதெரபி பிரிவின் தலைவி மாலைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். மாட்டியே தீர வேண்டும் என்று இயக்குநர் ஒற்றைக் காலில் நின்றார். கூடாது என்றால், கைராசிக்காரர் என்று பெயரெடுத்த கிண்ணக்காரர் வேறு இடம் பார்த்துப் போய்விடுவாரோ என்ற பயம் அவளுக்கு.

கிண்ணக்காரர் என்பது கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர். வலிக்கும் தோளில் பிளாஸ்டிக் கிண்ணத்தைக் கவிழ்த்து, சிறு பம்பால் காற்றை உறிஞ்சுவார். உள்ளே காற்று குறையக் குறைய, தோல் குமிழாக எழும்பி வட்டமாகச் சிவக்கும்.

தலைவி அதைத் தடுக்கவில்லை. பலன் உண்டா என்று சோதித்துப் பார்க்கும்போது, சிகிச்சை கொடுத்தவரே அளக்கக் கூடாது என்று மட்டும் சொல்லியிருந்தாள். எல்லாருக்கும் ஒரே பயிற்சி. பாதிப் பேருக்குக் கிண்ணமும் உண்டு. கை எவ்வளவு உயர்கிறது என்று வேறொரு பெண் அளப்பாள். சிவந்த வட்டம் காட்டிக்கொடுத்துவிடுமே, அதனால் சட்டையைக் கழற்றாமலே அளப்பார்கள். கிண்ணம் வைத்துக்கொண்டவர்களின் கைகள்தான் அதிகம் மேலே போயிருந்தன.

மதியம் கிண்ணக்காரர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்.

"மேடம், பலகைய நிறுத்திடுங்க."

"ஜெயிச்ச ஆளு மூஞ்சியாங்க இது?"

"வந்து பாருங்க."

பயிற்சி அறையில் அவருடைய அக்கா நின்றிருந்தாள். அவளும் தோள்வலிக்காரி.

"அக்கா, கையத் தூக்கு."

கை காதைத் தாண்டிப் போனது.

"இப்ப முதுகச் சுவரோட ஒட்டிக்கிட்டுத் தூக்கு."

கை பாதியில் நின்றுவிட்டது.

தலைவிக்குச் சட்டென்று விளங்கியது. தோள் இறுகிக் கிடந்தாலும், இடுப்பு பின்னால் வளைந்தால் கை உயர்ந்துவிடும். பார்ப்பவருக்குத் தோளே திறந்துகொண்டதுபோல இருக்கும்.

"கிண்ணத்த எடுத்ததும் 'இப்ப எப்படிப் போகுது பாருங்க'ன்னு நான்தான் உசுப்பேத்துறேன். வளைஞ்சு தூக்கிப் பழகிடறாங்க. அளக்கிறப்பவும் அப்படியே தூக்குறாங்க. நேத்து வீட்டுல இவளால கொடியில துணி போட முடியல. அப்பதான் பொறி தட்டிச்சு."

"தம்பி மனசு நோகக் கூடாதேன்னு தூக்கினேம்மா," என்றாள் அக்கா. "பொறந்ததுலேருந்து எனக்கு இதே பொழப்பு."

"நீ கொஞ்சம் சும்மா இரு," என்றார் கிண்ணக்காரர். "காலையில வந்த எல்லாரையும் சுவரோட நிறுத்தி அளக்கச் சொன்னேன் மேடம். கிண்ணம் வெச்சவங்க, வெக்காதவங்க, ரெண்டும் ஒண்ணுதான். கொஞ்ச நேரம் வலி அடங்குது, பயிற்சிக்கு முரண்டு பிடிக்காம வர்றாங்க. அவ்வளவுதான்."

தலைவி நேரே இயக்குநரிடம் போனாள்.

"கிண்ணம் இருக்கட்டும் சார், பயிற்சிக்கு முன்னால மட்டும். பலகை வேண்டாம்."

"பக்கத்து கிளினிக்ல மாட்டிட்டாங்களே?"

"மாட்டிக்கட்டும். தன் வித்தையில ஓட்டை இருக்கான்னு தானே தேடிப் பாக்குற ஆளு அங்க இருக்காரான்னு தெரியாது. நம்மகிட்ட இருக்கார்."

"அவர் கோச்சுக்கிட்டுப் போயிட்டா?"

"அவரா? அளக்குற பொண்ணோட உக்காந்து முழங்காலுக்கும் இப்படி ஏதாவது ஏமாத்து இருக்கான்னு குடைஞ்சுக்கிட்டிருக்கார் சார். இப்ப நாம வெளிய போகச் சொன்னாலும் போகமாட்டார்."

இதைச் சொன்னபோது தலைவி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.