உள்ளாளுக்கு எழுதிய விளம்பரம்

அந்த விளம்பரத்தை ஐந்தாவது தடவை படித்தபோதுதான் ஐலா கோர்ப்பிக்குக் கோபம் வந்தது. அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தின் வடகோடியில் ஒரு சின்னப் பல்கலைக்கழகம். காட்டுச் சூழலியலும் பருவநிலை மாற்றமும் சொல்லிக்கொடுக்க ஓர் உதவிப் பேராசிரியர் வேண்டுமாம். அதுவரை சரி. கீழே இருந்ததுதான் உதைத்தது. பிர்ச் மரத்தின் வேர்களை ஆராய்ந்திருக்க வேண்டும். பனி குறைவாக விழும் வருடங்களில் மண் எப்படி உறைகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். மர வளையங்களைப் படிக்கத் தெரிய வேண்டும். பனிமேல் ஓடும் ஸ்னோமொபைல் வண்டி ஓட்டத் தெரிந்தால் இன்னும் நல்லது. ஆளை நிற்க வைத்து அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்தது.

யாருக்குத் தைத்தது என்பதும் பத்தே நிமிடத்தில் கிடைத்துவிட்டது. அந்தத் துறையின் இணையப் பக்கத்தில் டுவைட் பெல்லட்டியே என்று ஒருவன். இரண்டு வருடமாக அங்கேயே தற்காலிக ஆய்வாளன். ஆய்வு பிர்ச் மரங்கள். போதாக்குறைக்குப் படத்தில் ஸ்னோமொபைல் மேல் உட்கார்ந்து பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான்.

ஐலாவின் ஆய்வும் பிர்ச் வேர்தான். அவளும் மிச்சிகனின் வடக்கில் பிறந்தவள். நடக்கத் தெரிந்த கையோடு ஸ்னோமொபைல் ஓட்டியவள். ஆனால் மூன்று வருடமாக நிரந்தர வேலை கிடைக்காதவளுக்கு ஒரு விளம்பரம் தன்னைப் பற்றியது என்று தோன்றுமா? மற்றவனைப் பற்றியது என்றுதான் தோன்றும். அவளுக்கு முப்பத்தெட்டு வயது. இப்போதுள்ள ஒப்பந்தம் மே மாதத்தோடு முடிகிறது. அதற்கப்புறம் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வெள்ள அபாயம் கணக்கிடும் வேலை தயாராக இருந்தது. அதில் சேர்ந்தால் காட்டுப் பக்கம் திரும்பி வருவது நடக்காது என்று அவளுக்குத் தெரியும்.

இந்தத் துறையில் வேலை தேடுகிறவர்கள் பெயர் போடாமல் எழுதிவைக்க இணையத்தில் ஒரு பொது அட்டவணை உண்டு. எந்தக் கல்லூரி யாரை அழைத்தது, எங்கே கையை விரித்தார்கள், எல்லாம் அதில் இருக்கும். காலையில் காப்பிக்கு முன்னால் அதைப் பார்க்காதவர் இல்லை. ஐலா அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயருக்கு எதிரே எழுதினாள்: “உள்ளாள் இருக்கிறார். விளம்பரமே அவருக்காக எழுதியது.” நம்மைப் போல ஏமாறுகிறவர்களை எச்சரிக்கிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதில் பாதிதான் நிஜம். அன்று சாயங்காலமே தன் விண்ணப்பத்தையும் அனுப்பினாள்.

மறுநாள் காலை அந்த வரிக்குக் கீழே மூன்று பேர் எழுதியிருந்தார்கள். “நானும் கேள்விப்பட்டேன்.” “உறுதி.” “எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.” இவர்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்று அவள் யோசிக்கவில்லை. பார்த்தாயா, நான் சொன்னது சரி என்றுதான் நினைத்தாள்.

ஜனவரியில் நேரில் வரச்சொல்லி அழைப்பு வந்தபோதும் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. மூன்று பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். ஒப்புக்குச் சப்பாணியாக நம்மைச் சேர்த்திருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே பெட்டியைக் கட்டினாள்.

விமான நிலையத்திலிருந்து அவளை அழைத்துப்போக வந்தவன் டுவைட்டேதான். துறையின் லாரிச் சாவி, ஆய்வகச் சாவி, விருந்தினர் அறைச் சாவி எல்லாம் அவன் இடுப்பில் தொங்கின. மாப்பிள்ளையே வாசலுக்கு வந்து சாட்சியை அழைத்துப்போகிறான் என்று ஐலாவுக்கு வயிறு எரிந்தது. வழியில் சாப்பிட நிறுத்தினார்கள். பட்டாணி சூப்பும் கோதுமை தோசை மாதிரி ஒன்றும் வந்தன. பரிமாறிய பெண் டுவைட்டின் தோளைத் தட்டி, வீடு வாங்குகிற விஷயம் என்ன ஆச்சு என்று கேட்டாள்.

“கிட்டத்தட்ட முடிஞ்ச மாதிரிதான்” என்றான் டுவைட். “கையெழுத்துதான் பாக்கி.”

நிரந்தர வேலை இல்லாதவன் வீடு வாங்குவானா? ஐலா சூப்பைப் பாதியில் வைத்துவிட்டாள். உன் ஆய்வுக் கட்டுரை எல்லாத்தையும் படிச்சிருக்கேன் என்று அவன் சொன்னபோது, எதிராளியை அளக்கத்தான் படித்திருப்பான் என்று நினைத்தாள்.

மறுநாள் முழுக்க அவள் கண்ணில் பட்டதெல்லாம் சாட்சிதான். ஒரு பேராசிரியர் பேசும்போது கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொருவர் அவளைக் கேள்வியே கேட்கவில்லை. இங்கே குளிர் பழகிவிடும் என்று மட்டும் சொன்னார். காலியாகக் கிடந்த ஓர் அறையைக் காட்டி டுவைட் வெளியே கூட்டிவந்து கதவைப் பூட்டினான். பூட்டிய விதம்கூட அவளுக்குப் பிடிக்கவில்லை.

தேர்வுக்குழுவின் தலைவி கொலெட் தெரியோ. அறுபதைத் தாண்டியவர், குட்டையானவர், சுற்றி வளைக்காமல் பேசுகிறவர். வருகிறவர்களைக் காட்டுக்குக் கூட்டிப்போய், ஒரு மரத்தில் துளைக்கருவியைத் திருகச் சொல்வது அவர் வழக்கம். பென்சில் கனத்தில் மரத்தின் உள்ளிருந்து ஒரு குச்சி வரும். வளையங்கள் எல்லாம் அதில் இருக்கும். உடைக்காமல் அதைக் காகித ஸ்ட்ராவுக்குள் போடுகிறவர்தான் வேலை தெரிந்தவர் என்பது அவர் கணக்கு. அதற்கடுத்த நாள் ஐலாவின் ஆய்வுப் பேச்சு பிற்பகல் இரண்டு மணிக்கு என்பதால் காலையிலேயே லாரியில் கூட்டிப்போனார். பனி கணுக்கால் உயரம்கூட இல்லை. ஐலா ஒரு பிர்ச் மரத்தில் கருவியைத் திருகிக்கொண்டிருந்தபோது கொலெட் வாயைத் திறந்தார்.

“ஒண்ணு சொல்றேம்மா, மனசுல வச்சுக்க. உன்னைத் தவிர மத்த ரெண்டு பேரும் வரலைன்னுட்டாங்க. ஒருத்தர் திங்கக்கிழமை எழுதினார், இன்னொருத்தி இன்னைக்குக் காலைல. ஏற்கெனவே முடிவான வேலைக்கு எதுக்கு அலையணும்னு கேக்குறா.”

கருவி ஐலாவின் கையில் நின்றது.

வழக்கமாக நூறு விண்ணப்பம் வரும், இந்தத் தடவை பத்தொன்பதுதான், அடுத்துக் கூப்பிட ஆளே இல்லை என்று கொலெட் சொன்னார். இரண்டு பேராவது நேரில் வந்து பேசினால்தான் டீன் கையெழுத்துப் போடுவார். விலகினவர்களில் ஒருவராவது வெள்ளிக்கிழமைக்குள் மனசு மாறாவிட்டால் இந்த இடத்தைக் கணினித் துறைக்குக் கொடுத்துவிடுவார்.

“யாரோ ஒரு புண்ணியவான் அந்த அட்டவணையில எழுதி வச்சிருக்கான், இங்க உள்ளாள் இருக்குன்னு. அவன் வாயில மண்ணு விழ.”

“டுவைட்?” என்றாள் ஐலா.

“அவன் எங்க விண்ணப்பம் போட்டான்? நவம்பர்லயே வனத்துறையில வேலை வாங்கிட்டான். தெக்க வீடுகூடப் பாத்தாச்சு. அவனே உன் பேரைத்தான் சொல்லிட்டிருந்தான்.”

ஐலா குச்சியை வெளியே இழுத்தாள். நடுவில் உடைந்தது.

கொலெட் அதைக் கண்டுகொள்ளவில்லை. அவர் கன்னம் கொஞ்சம் சிவந்திருந்தது. “ஆனா அந்த எழுதினவன் முழுப் பொய்யும் சொல்லலை. போன வருஷ மாநாட்டுல நீ பேசுனதைக் கேட்டேன். ஏரிக்கரையில ஸ்னோமொபைல் பழுதாகி, மரக்குச்சி எல்லாத்தையும் முதுகுல கட்டிக்கிட்டு நாலு மைல் நடந்தேன்னியே. ரூமுக்குப் போயி அந்த நெனப்புலதான் விளம்பரத்தை எழுதினேன். உன்னை நேராக் கூப்பிட விதி விடாது. இந்தப் பொண்ணு கண்ணுல பட்டாப் போதும்னு எழுதினேன்.”

“பட்டுச்சு” என்றாள் ஐலா.

அவள் சந்தேகம் தப்பே இல்லை. ஆள்தான் தப்பு. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் அவளை அளவெடுத்து ஒரு சட்டை தைத்திருந்தார். அது திருட்டுச் சட்டை என்று ஊரைக் கூட்டியதும் அவளேதான். நான்தான் எழுதினேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் இந்த முகம் எப்படி மாறும் என்று நினைத்ததும் வார்த்தை உள்ளே போய்விட்டது. வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

கையுறை லாரியில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தாள். அங்கே மட்டும்தான் போனுக்கு சிக்னல் கிடைத்தது. விறைத்த விரலால் அந்த அட்டவணையைத் திறந்து எழுதினாள்: “மேலே எழுதியது தவறு. உள்ளாள் யாரும் இல்லை. அங்கே இருப்பவர் விண்ணப்பிக்கவே இல்லை, எனக்கு நேரடியாகத் தெரியும். விலகியவர்கள் தயவுசெய்து மறுபடி யோசியுங்கள்.”

முதலில் எழுதியது அவள் அறியாமல் சொன்ன உண்மை. இது, விளம்பரம் தனக்காகத்தான் என்று அறிந்தே சொன்ன பொய். இதையாவது நம்புங்கள் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த இரண்டு பேரில் ஒருவர், ஒரே ஒருவர் நம்பினால் போதும்.

மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. கீழே ஒரு வரி வந்தது: “இதை எழுதுவதே அந்த உள்ளாள்தான் போலிருக்கிறது.”

காட்டுக்குள்ளிருந்து கொலெட் குரல் கொடுத்தார். “கையுறை கெடச்சுதாம்மா?”

ஐலா பதில் சொல்வதற்குள் அதற்கும் கீழே இன்னொருவர் எழுதிவிட்டார்: “உறுதி.”