ஜெயசீலி எழுந்து நின்ற புத்தாண்டு

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு புத்தாண்டுக் காலையில், கோலார் தங்கவயலின் மாரிகுப்பத்து வீட்டில், கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டே பாக்கியவதி அத்தை சொன்னது இது.

"பிளேக் வந்த வருசம் ஜெயசீலின்னு ஒரு பொம்பள, வருசப் பொறப்பு ஆராதனையில எழுந்து நின்னு ஆண்டவர்கிட்டயே ஞாயம் பேசுனாளாம். சபையே அழுதுச்சாம்."

"இன்னா பேசுனா அத்தை?"

"அது யாருக்குத் தெரியும்? எங்கம்மாவுக்கு அவங்க அத்தை சொன்னது. நீ வெங்காயத்த நறுக்கு."

அவ்வளவுதான். அத்தை இப்போது இல்லை. நானும் மாரிகுப்பத்தில் இல்லை. புத்தாண்டு வந்தால் வெங்காய வாசனையோடு ஜெயசீலியும் வந்து நிற்கிறாள்.

2

ஆரம்பம், முதல் முயற்சி:

1899ஆம் ஆண்டின் முதல் சூரியன் மாரிகுப்பத்தின் மேல் பொன்னாய் உருகி வழிந்த—

(வேண்டாம். தங்கவயலைப் பற்றி எழுதுகிறவர்கள் சூரியனைக்கூட விட்டுவைப்பதில்லை.)

இரண்டாவது முயற்சி:

ஜெயசீலி வீட்டுக்குக் கூரை இல்லை.

இது பரவாயில்லை. உண்மையும் இதுதான். டிசம்பர் இருபதாம் தேதி அவளுடைய நான்கு வயது மகள் நேசமணி ஒரே நாள் காய்ச்சலில் போய்விட்டாள். மறுநாள் புருஷன் இன்பராஜுக்குக் காய்ச்சல். சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் மரம் முட்டுக்கொடுக்கிற ஆள் அவன், நெஞ்சு அகலம். அவனை நாலு பேர் தூக்கிக்கொண்டு மைதானத்தைத் தாண்டி இருந்த பிளேக் கொட்டகைக்குப் போனார்கள். கூட இருந்தவள் என்பதால் ஜெயசீலியை வேறொரு பக்கம், மூங்கில் தட்டி அடைப்புக்குள், பத்து நாள் வைத்தார்கள். முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் விட்டார்கள். திரும்பி வந்து பார்த்தால் நோய் போக வெயில் படட்டும் என்று கூரையைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். சுவரெல்லாம் சுண்ணாம்பு. நேசமணியின் துணிகளைக் கொளுத்திய இடம் வாசலில் கருப்பாக இருந்தது.

அக்கம்பக்கத்துக் கதவுகள் சாத்திக்கொண்டன. ஒரு கதவு மட்டும் திறந்தது. வெங்கடம்மா, தெலுங்குக்காரி, அவள் கும்பிடுகிற சாமி வேறு.

"ஏய், ஜெயசீலி, வா உள்ள."

"ஒட்டிக்கும்க்கா."

"ஒட்டட்டும். இன்னா இப்போ? சாப்டுட்டுப் படு."

3

இந்த இடத்தில் கதை பின்னோக்கி ஓடப் பார்க்கிறது. நான் தடுக்கப் போவதில்லை. எனக்கும் பின்னால் போகத்தான் ஆசை.

அதற்கு முந்தைய புத்தாண்டு. 1898. இன்பராஜின் தோளில் நேசமணி, புதுப் பாவாடை மொடமொடக்க. சுரங்கத்து ஆலையில் கல் இடிக்கிற சத்தத்துக்கு ஏற்றபடி அப்பன் தலையில் தாளம் போட்டுக்கொண்டே வருகிறாள். பின்னால் ஜெயசீலி, தலையில் மல்லிகைப்பூ, கையில் வெங்கடம்மா கொடுத்த அதிரசப் பொட்டலம். சபைக் கோயில் வாசலில், ஆராதனை நடத்துகிற ஜெயகரன் உபதேசியார் குனிந்து, "புது வருசம் வந்துச்சா பாப்பா?" என்று கேட்கிறார்.

"வந்துச்சு. ரயில்லயா வந்துச்சு?"

மாரிகுப்பத்துக்கு ரயில் வந்து நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. எது வந்தாலும் அதில்தான் வரும்.

உபதேசியார் முகத்தைக் கொஞ்சமும் மாற்றாமல் சொன்னார்: "ஆமா. பௌரிங்பேட்டையில வண்டி மாறி வந்துச்சு."*

* இன்றைய பங்காருப்பேட்டை. நானும் எத்தனையோ தடவை அங்கே வண்டி மாறி ஊருக்குப் போயிருக்கிறேன். இப்போது ஊரில் போய்ப் பார்க்க யாரும் இல்லை. சரி, கதைக்கு வருவோம்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம். வருஷப் பிறப்பன்று உபதேசியார் குடும்பம் குடும்பமாகப் பெயர் சொல்லுவார். ஒருவர் எழுந்து, போன வருஷத்துக்கு நன்றியாக ஒரு ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும். பெரும்பாலும் எல்லோரும் ஒரே வரியைத்தான் சொல்வார்கள்: ஆண்டவர் மாறாத அன்பால் எங்களை நடத்தினார். அந்த வருஷம் ஜெயசீலியும் அதையே சொன்னாள். சொல்லும்போது மடியில் நேசமணி அதிரசம் தின்றுகொண்டிருந்தாள். மாறாத அன்பு என்று சொல்வதற்கு அதைவிடச் சுலபமான நேரம் கிடையாது.

4

1899 ஜனவரி முதல் தேதி ஞாயிற்றுக்கிழமை.

கோயிலைப் பூட்டியிருந்தார்கள். வெளியே புங்கமரத்தடியில் ஆராதனை. பாதிப் பேர் ஊரைவிட்டு ஓடிவிட்டார்கள். மிச்சமிருந்த குடும்பங்கள் பத்துப் பதினைந்தடி தள்ளித் தள்ளிப் பாய் விரித்து உட்கார்ந்திருந்தன. ஜெயசீலி வந்து கடைசியில் உட்கார்ந்ததும், பக்கத்துப் பாயில் இருந்த அன்னபாக்கியம் தன் பாயை இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டாள். (அன்னபாக்கியத்தைக் கெட்டவளாக்கி ஒரு பத்தி எழுதினேன். கிழித்துவிட்டேன். அவளுக்கும் மூன்று பிள்ளைகள்.)

உபதேசியார் ஒவ்வொரு பெயராகச் சொல்லி வந்தார். ஜெயசீலியின் முறை வந்தது. அவர் கண் அவள்மேல் பட்டு, அவளைத் தாண்டிப் போயிற்று. அடுத்த குடும்பத்தின் பெயரைச் சொன்னார்.

அவள் எழுந்து நின்றாள்.

"அய்யா, என் பேர விட்டுட்டீங்க."

"வேணாம்மா. உக்காரு. உன் பாடு ஆண்டவருக்குத் தெரியும்."

"அவருக்குத் தெரியும். ஜனங்களுக்கும் சொல்லணும் இல்ல?"

5

அவள் என்ன சொன்னாள்? அத்தைக்குத் தெரியாது. எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?

முதல் வரைவில் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொடுத்ததும் அவரே எடுத்ததும் அவரே என்கிறாள். அழகான வாக்கியம். ஆனால் பன்னிரண்டு நாள் முன்பு பிள்ளையைப் புதைத்தவள் அழகாகப் பேசுவாளா?

இரண்டாவது வரைவில் அவள் வானத்தைப் பார்த்துக் கத்திவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறாள். இது எனக்குப் பிடித்திருந்தது. நான் கோயிலுக்குப் போவதை நிறுத்திப் பல வருஷமாகிறது. என் கோபத்தை அவள் வாயில் வைக்கிறேன் என்பது படித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. அவள் போகவேண்டுமென்றால் வராமலே இருந்திருக்கலாமே? கூரையில்லாத வீட்டில் முகம் கழுவி, இரவல் புடவை கட்டி, எல்லோரும் ஒதுங்கிப்போகும் இடத்துக்கு ஏன் வந்தாள்?

மூன்றாவது வரைவை நான் எழுதவில்லை. கேட்டேன் என்றுதான் சொல்லவேண்டும்.

"போன வருசம் இதே நாள்ல மாறாத அன்புன்னு நானும் சொன்னேன். எல்லாரும் சொல்றாங்களேன்னு சொன்னேன். இப்ப பாத்தா, மாறாம இன்னா கீது? வூடு மாறிப்போச்சு. நீங்க மாறிப்போய்ட்டீங்க. என் புள்ள பேரச் சொன்னாக்கூட ஒட்டிக்கும்னு பயப்படுறீங்க. நானே மாறிட்டேன். பத்து நாளும் அந்தத் தட்டிக்குள்ள அவர்கூட சண்டதான். இன்னாத்துக்கு அவள எடுத்தீருன்னு கேட்டேன். பதில் சொல்லல."

யாரோ இருமினார்கள்.

"ஆனா ஒண்ணு. அவர் மாறாதவர்னா, போன வருசம் என் நேசமணி மேல வெச்ச அன்பு இந்த வருசமும் அப்டியேதான் கீது. செத்துட்டாளேன்னு கொறச்சுக்க மாட்டாரு. மனுசங்க நாம மறந்துடுவோம். நாளைக்கு நானே அவ மொகத்த மறந்தாலும் மறப்பேன். அவர் மறக்க மாட்டாரு. அவர்கிட்ட என் புள்ள பத்திரமா கீறா. அதுக்கு ஸ்தோத்திரம். வேற எதுக்கும் இன்னிக்கு என்னால சொல்ல முடியாது."

உட்கார்ந்துவிட்டாள்.

உபதேசியார் ஆராதனை முறையில் எங்குமே இல்லாத ஒன்றைச் செய்தார். "நேசமணி," என்றார், உரக்க. கூட்டம் கொஞ்சம் தயங்கி, "நேசமணி" என்றது. அன்னபாக்கியம் தன் பாயைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, ஜெயசீலியை ஒட்டி விரித்து உட்கார்ந்தாள்.

(இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் இன்பராஜ் இன்னும் கொட்டகையில் இருக்கிறான்.)

6

தினமும் பத்து மணிக்குக் கம்பவுண்டர் கொட்டகையிலிருந்து வெளியே வருவார். கயிறு கட்டிய எல்லைக்கு அந்தப் பக்கம் நின்று, இருக்கிறவர்கள் யார், இல்லாதவர்கள் யார் என்று வாசிப்பார். பத்து நாளாக ஜெயசீலிக்கு ஒரு தகவலும் இல்லை. ஆராதனை முடிந்ததும் மைதானத்தில் இறங்கி நடந்தாள். வெங்கடம்மா வழியில் சேர்ந்துகொண்டாள். திரும்பிப் பார்த்தால், பின்னால் சபை வந்துகொண்டிருந்தது.

கம்பவுண்டர் காகிதத்தோடு வந்துவிட்டார்.

என் மேசையில் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. ஒன்றில், பாதி உடம்பாக இளைத்துப்போன இன்பராஜ் கொட்டகை வாசலில் நின்று கையைத் தூக்குகிறான். மற்றதில், கம்பவுண்டர் ஒரு பெயருக்கு முன்னால் மூச்சை இழுத்துக்கொள்கிறார். இரண்டையும் முழுசாக எழுதிப் பார்த்துவிட்டேன். அவன் பிழைத்தால், காலையில் அவள் சொன்னதற்குக் கிடைத்த கூலி போல ஆகிவிடுகிறது. செத்தால், நான் அவளுக்கு வைத்த பரீட்சை போல. அவளோ எதுவும் தெரியாமல்தான் சொன்னாள். அவள் வார்த்தையைத் தொடுகிற உரிமை என் முடிவுக்குக் கிடையாது.

ஆகவே நீங்கள்தான் சொல்லவேண்டும். அவசரமில்லை. முதலில் அவள் பக்கத்தில் வந்து நில்லுங்கள். வலப்பக்கம் வெங்கடம்மா, கொசுவத்தை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு. இடப்பக்கம் அன்னபாக்கியம், ஜெயசீலியின் முழங்கையைப் பிடித்திருக்கிறாள், ஒட்டிக்கொள்ளும் என்ற நினைப்பே இல்லாமல். ஞாயிற்றுக்கிழமை, ஆலைச் சத்தம் இல்லை. காகிதம் பிரிகிற சத்தம்கூடக் கேட்கிறது.

"மரம் கட்டுற இன்பராஜ்," என்று வாசிக்கிறார் கம்பவுண்டர். "ஆளுங்க யாராவது வந்திருக்கீங்களா?"

"வந்திருக்கோம்," என்கிறது மைதானம்.