நாற்பத்தேழாவது கட்டம்

புற்றுநோய்ப் பராமரிப்புப் பயிற்சிக் கையேட்டில் மொத்தம் அறுபத்திரண்டு கட்டங்கள். அறுபத்தொன்றில் நீல முத்திரை விழுந்துவிட்டது. நாற்பத்தேழாவது மட்டும் முன்வரிசைப் பல் விழுந்த வாய் மாதிரி காலியாக இருந்தது.

'அழும் நோயாளியை ஆறுதல்படுத்துதல். மதிப்பீட்டாளர் நேரில் கண்டிருக்க வேண்டும்.'

அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஐந்து உட்பிரிவுகள். முதலில் கை கழுவ வேண்டும், முழுதாக இருபது விநாடி. டிஷ்யூ பெட்டி நோயாளிக்குக் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். சற்றே முன்சாய்ந்து உட்கார வேண்டும். ஏழு விநாடி மௌனம் காக்க வேண்டும். பிறகு, 'உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று புரிகிறது' என்று ஒரே ஒரு முறை சொல்ல வேண்டும். இரண்டாம் முறை சொன்னால் மிகையென்று மதிப்பெண் குறையும்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் கையேடு முழுதாகப் போய்ச் சேரவில்லை என்றால் மூன்று மாதப் பயிற்சியை முதலிலிருந்து செய்ய வேண்டும். வார்டில் காலியாக இருந்த ஒரே ஒரு நர்ஸ் வேலையும் கை நழுவிப் போகும்.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். இந்தப் பயிற்சி நர்ஸ் விஷயத்தில் ஊரார் பிள்ளை அழுதால்தான் இவளுக்குப் பால்.

ஆகவே கடைசி இரண்டு வாரமாக அவள் கக்கத்தில் டிஷ்யூ பெட்டியை இடுக்கிக்கொண்டு வார்டைச் சுற்றினாள். பதினான்கு சாய்வு நாற்காலிகள். ஒவ்வொன்றிலும் ஒருவர், ஒவ்வொருவர் கையிலும் ஒரு ஊசி, தலைக்கு மேலே ஒரு மருந்துப் பை. அவள் வருவதைப் பார்த்ததும் பதினான்கு பேரும் அவசரமாகச் சிரித்த முகம் காட்டினார்கள். பெட்டி நம் பக்கம் வந்தால் ஸ்கேனில் ஏதோ கெட்ட செய்தி என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு பரவியிருந்தது. பெயர் வைப்பதில் நோயாளிகளை மிஞ்ச ஆளில்லை. அவளுக்கு 'டிஷ்யூ' என்று வைத்துவிட்டார்கள்.

டிஷ்யூ எதையும் ஒழுங்காகச் செய்பவள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட நோட்டில் யார், எங்கே, எத்தனை மணிக்கு அழுகிறார்கள் என்று குறித்து வந்தாள். முதல் வாரக் குறிப்பிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. ஜனங்கள் மாடிப்படியில் அழுதார்கள். லிஃப்டில் அழுதார்கள். வண்டி நிறுத்துமிடத்தில், கதவைச் சாத்திக்கொண்டு, ஸ்டியரிங்கில் தலை வைத்து அழுதார்கள். வார்டுக்குள் மட்டும் வானிலை பேசினார்கள்.

தப்பித் தவறி யாராவது வார்டில் கண் கலங்கினாலும் இவள் கை கழுவ ஓட வேண்டும். பிறகு மதிப்பீட்டாளரைத் தேடி அழைத்து வர வேண்டும். அதற்குள் அவர்கள் மூக்கைச் சிந்தி முடித்து, மதியத்துக்கு என்ன சாப்பாடு என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஒருமுறை ஒரு நோயாளி அம்மாளிடம் ஈரக் கையோடு ஓடிவந்து, "கொஞ்ச நேரம் முன்னாடி அழுதீங்களே, இன்னும் கொஞ்சம்..." என்று கேட்கப் போய், அந்த அம்மாள் மேலிடத்துக்குப் புகார் எழுதிவிட்டார்.

மதிப்பீட்டாளர் வார்டின் மூத்த நர்ஸ். ரப்பர் முத்திரையைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பதால் அவருக்கு 'சீல் சிஸ்டர்' என்று பெயர். கெட்டவர் இல்லை. கையேட்டில் இருப்பதற்கு ஒரு நூல் இந்தப் பக்கமும் போகமாட்டார், அந்தப் பக்கமும் போகமாட்டார், அவ்வளவுதான்.

"மத்தவங்க எல்லாம் எப்படி முடிச்சாங்க, சிஸ்டர்?" என்று டிஷ்யூ ஒருநாள் கேட்டாள்.

"உன் கூடப் படிக்கிற அந்தப் பையன் அந்தக் கட்டம் வந்த முதல் நாளே முடிச்சிட்டான்."

அந்தப் பையனுக்கு வகுப்பில் 'நடிகர்' என்று பெயர். மாலை வகுப்பில் பாடம் எடுப்பவர், "யாராவது நோயாளியோட மாமியாரா நடிங்க" என்று சொன்னால் போதும், மேஜை மேல் விழுந்து புரளுவான். நாற்பத்தெட்டாவது கட்டமான 'அழும் உறவினரை ஆறுதல்படுத்துதல்' வகுப்பறையிலேயே செய்யலாம் என்பதால், அவன் புண்ணியத்தில் வகுப்பிலிருந்த பன்னிரண்டு பேருக்கும் ஒரே மாலையில் முத்திரை விழுந்தது. நாற்பத்தேழுக்கு மட்டும் நிஜ நோயாளி வேண்டும். நடிகருக்கு முதல் நாள் கிடைத்தவர் சினிமா பார்த்தாலே அழுகிற ஆள். சிலருக்கு அப்படி ஒரு ராசி.

வீட்டில் அண்ணிதான் யோசனை சொன்னாள். "ஒரு அழுகைக்கா இவ்வளவு அலைச்சல்? உங்க சிஸ்டரை ஒருநாள் நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வா. உங்க அண்ணன் பேசறதைக் கேட்டு நானே அழுது காட்டறேன்."

"நோயாளிதான் அழணும், அண்ணி."

"உங்க அண்ணனைக் கட்டினதே ஒரு வியாதிதான், போ."

அண்ணன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "வெங்காயம் வாங்கிட்டுப் போ" என்றான்.

வியாழக்கிழமை வந்தது. வியாழக்கிழமை என்றால் ஒன்பதாம் நாற்காலியில் டிக்கெட் பரிசோதகர் இருப்பார். நாற்பது வருஷம் ரயிலில் டிக்கெட் கேட்டு ஓய்வு பெற்றவர். பன்னிரண்டு வாரம் மருந்து என்று சொல்லியிருந்தார்கள். அன்றைக்குப் பன்னிரண்டாவது. பக்கத்து ஸ்டூலில் அவர் மனைவி. வாராவாரம் அவருடைய பேன்ட் ஒன்றைக் கொண்டுவந்து இடுப்பைப் பிடித்துத் தைத்துக்கொண்டிருப்பார். அந்த அம்மாள் கண் கலங்கி யாரும் பார்த்ததில்லை. டிஷ்யூவின் நோட்டில் அவர் பெயருக்கு எதிரே 'வாய்ப்பில்லை' என்று எழுதி, அடிக்கோடு போட்டிருந்தது.

"பேரும் பிறந்த தேதியும் சொல்லுங்க, சார்" என்றாள் டிஷ்யூ, மருந்துப் பையைக் கையில் பிடித்தபடி.

"போன வாரம் சொன்னதேதான்மா. இன்னும் மாத்தல." சொல்லிவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நாற்பது வருஷம் நான் ஊரையே கேட்டேன். இப்ப ஒரு நாளைக்கு ஆறு தடவை என்னைக் கேக்கறாங்க. சரி, உனக்கு என்ன? டிக்கெட் எடுக்காம ஏறினவ மாதிரி முழிக்கிறே?"

அவ்வளவுதான். டிஷ்யூ கையேட்டைத் திறந்து காட்டிவிட்டாள். நோயாளியிடம் காட்டக்கூடாது என்று முதல் பக்கத்திலேயே அச்சடித்திருந்தது.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, டிக்கெட்டைப் பார்ப்பது போல முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு மனைவியிடம், "ஏம்மா, ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுததுன்னு கேள்விப்பட்டிருக்கோம். ஆடு எப்ப அழும்னு ஓநாய் பெட்டியோட நிக்கறதை இப்பதான் பார்க்கறேன்" என்றார்.

"பாவம், விடுங்க" என்றார் அந்த அம்மாள், நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே. "பச்சப் புள்ள."

"விடறதா? நான் அழறேன்மா இவளுக்காக. எத்தனை அழுகை பாத்திருக்கேன்! டிக்கெட் தொலைஞ்சு போன அழுகை வேற, டிக்கெட்டே எடுக்காத அழுகை வேற. எடுக்காதவன்தான் சத்தமா அழுவான். ரெண்டு மணிக்கு உங்க சிஸ்டரைக் கூட்டிட்டு வா. சும்மா பொளந்து கட்டறேன்."

"பொய் சொல்றது தப்பில்லையா, சார்?"

"எனக்கு இருக்கிற வியாதிக்கு நான் அழுதா அதைப் பொய்யின்னு எவன் சொல்லுவான்?"

டிஷ்யூ அந்தக் கேள்வியை நோட்டில் எழுதிப் பார்த்தாள். அடியில் ஸ்கேல் வைத்து ஒரு கோடும் போட்டாள். இரண்டு மணிக்குச் சீல் சிஸ்டரிடம் போய், "ஒன்பதாம் நாற்காலி கொஞ்சம் மனசு சரியில்லாம இருக்கார்" என்றாள்.

சீல் சிஸ்டர் பேனாவைத் திறந்துகொண்டு ஒன்பதாம் நாற்காலிக்கு நாலடி தள்ளி நின்றார். டிஷ்யூ இருபது விநாடி கை கழுவினாள். பெட்டியைக் கை எட்டும் தூரத்தில் வைத்தாள். முன்சாய்ந்து உட்கார்ந்தாள்.

டிக்கெட் பரிசோதகர் தொடங்கினார். முதலில் உதட்டைப் பிதுக்கினார். ஒன்றும் வரவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, தூரத்து எஞ்சின் ஊதுவது போல "ஊ...ஊ..." என்றார். எட்டாம் நாற்காலிக்காரர், "மருந்து ஒத்துக்கலையா? டாக்டரைக் கூப்பிடவா?" என்று எழுந்தேவிட்டார். பரிசோதகர் ஒற்றைக் கண்ணைத் திறந்து, "உக்காருங்க சார், வேலை நடக்குது" என்று அதட்டிவிட்டு, மறுபடி கண்ணை மூடி, "ஐயோ, என் நிலைமையைப் பார்த்தீங்களா..." என்று இழுத்தார்.

அந்த அம்மாளுக்குச் சிரிப்பு பீறிட்டது. வாயைப் பேன்ட் துணியால் பொத்திக்கொண்டார். அடங்கவில்லை. "போதும்... நிறுத்துங்க... நாப்பது வருஷமா எவனும் உங்களை ஏமாத்தலேன்னு சொன்னீங்களே... உங்க நடிப்பை ஒரு குழந்தைகூட நம்பாது..." தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். எட்டாம் நாற்காலியும் சிரித்தது. டிஷ்யூவுக்கே உதடு துடித்தது.

சிரித்துக்கொண்டே அந்த அம்மாள் வாயிலிருந்த துணியை எடுத்து மடியில் போட்டு நீவிவிட்டார். பேன்ட்டின் இடுப்பு. பன்னிரண்டு வாரமாகப் பிடித்த துணி உள்ளே மடிப்பு மேல் மடிப்பாக உள்ளங்கை கனத்துக்குச் சேர்ந்திருந்தது. அதில் ஒரு நூல் அளவுகூட அவர் வெட்டவில்லை. உடம்பு தேறியதும் பிரிக்கலாம் என்று மடித்து மடித்துத்தான் தைத்திருந்தார். விரல் அந்த மடிப்பில் நின்றது. சிரிப்பின் சத்தம் மாறியது. எப்போது மாறியது என்று யாருக்கும் தெரியாது. குலுங்குவது மட்டும் நிற்கவில்லை.

டிஷ்யூ எப்போது தரையில் உட்கார்ந்தாள் என்று அவளுக்கும் தெரியாது. அந்த அம்மாள் அவள் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டிருந்தார். பெட்டி அந்தப் பக்கம் கிடந்தது. மூக்கு பேன்ட் துணியிலேயே துடைக்கப்பட்டது. எத்தனை விநாடி மௌனம் என்று எண்ண வேண்டும் என்ற நினைவே டிஷ்யூவுக்கு வரவில்லை.

சீல் சிஸ்டர் மெதுவாகக் குனிந்தார். கோபம் இல்லை, உதவி செய்யும் குரல்தான். "இது உறவினர். நாற்பத்தெட்டு. உனக்கு அது ஏற்கெனவே ஆச்சு." முத்திரையால் நாற்காலியைக் காட்டினார். "நாற்பத்தேழு அங்க."

டிஷ்யூ நிமிர்ந்து பார்த்தாள். டிக்கெட் பரிசோதகர் மனைவியைப் பார்த்தபடி இருந்தார். உதடு பிதுங்கவில்லை, ஊதல் இல்லை. கன்னத்தில் நீர் தன்பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. டிக்கெட் தொலைந்துபோன அழுகை.

"போ, கை கழுவிட்டு வா" என்றார் சீல் சிஸ்டர். "நான் பார்த்துட்டுத்தான் இருக்கேன்."

பரிசோதகரும் ஊசி இல்லாத கையை ஆட்டிக் கூப்பிட்டார். "வந்துரு, புள்ள! இது அசல் சரக்கு! நின்னுடப் போகுது, சீக்கிரம்!"

மூன்றடி தூரம். மணிக்கட்டில் இருந்த பிடி இறுகியது. அதை விடுவிப்பது பெரிய காரியம் இல்லை, ஒவ்வொரு விரலாகப் பிரித்தால் போதும். கை கழுவும் தொட்டி கண்ணுக்குத் தெரிந்தது. சோப்பும் தெரிந்தது. வேலை தெரிந்தது. மூன்று மாதம் தெரிந்தது.

டிஷ்யூ எழுந்திருக்கவில்லை.

"அடிப் பைத்தியமே!" என்றார் பரிசோதகர், அழுதுகொண்டே. பிறகு, கையேட்டின்படி டிஷ்யூ செய்ய வேண்டிய எதையும் யாரும் அவருக்குச் செய்யாததால், தானே பெட்டியை எட்டி எடுத்து, ஒன்றை உருவி மனைவியிடம் நீட்டினார்.

சீல் சிஸ்டர் மூடியைப் பேனாவின் பின்பக்கம் செருகினார். நாற்பத்தேழாவது கட்டத்துக்கு எதிரே அழகான கையெழுத்தில், 'முயற்சி செய்யவில்லை. உறவினருடன் இருந்தபோது கை கழுவவும் இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போனார்.

வார்டு வேலை நடிகருக்குக் கிடைத்தது. செய்தியைக் கேட்டு அண்ணி வெங்காயம் இல்லாமலேயே அழுதாள். அண்ணன், "இப்ப அழுது என்ன புண்ணியம், சிஸ்டர் பக்கத்துல இல்லையே" என்று சொல்லி, கரண்டியால் ஓர் அடி வாங்கினான்.

மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை. டிஷ்யூ புதுக் கையேட்டோடு வார்டுக்குள் நுழைந்தாள். இது திருத்திய பதிப்பு, அறுபத்து மூன்று கட்டங்கள். சீல் சிஸ்டர் கொடுத்த அறிக்கையின் பேரில் ஒரு கட்டம் கூடியிருந்தது: 'நோயாளியும் உறவினரும் ஒரே நேரத்தில் அழுதால் முன்னுரிமை நிர்ணயித்தல்.'

ஒன்பதாம் நாற்காலியில் டிக்கெட் பரிசோதகர். பக்கத்து ஸ்டூலில் ஊசியும் நூலும் பேன்ட்டும்.

டிஷ்யூவுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. பன்னிரண்டோடு முடிந்தவர் இங்கே உட்கார்ந்திருந்தால் ஸ்கேன் என்ன சொல்லியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"எத்தனை மாசம் போட்டாங்க உனக்கு?" என்று அவரே கேட்டார்.

"மூணு, சார்."

"எனக்கும் மூணு. பார்த்தியாம்மா?" என்று மனைவி பக்கம் திரும்பினார். "ரெண்டு பேரும் ஃபெயிலு. ஒரே வண்டி, ஒரே பெட்டி."

"எதுல இருந்து ஆரம்பிக்கணும் நீ?" என்றார் அந்த அம்மாள்.

"ஒண்ணுல இருந்துங்க."

"அழறது எப்ப வரும்?"

"இன்னும் ரெண்டு மாசம் ஆகும்."

"அப்ப இப்போதைக்கு இதைப் பிடி." அந்த அம்மாள் பேன்ட்டின் ஒரு முனையை அவள் கையில் கொடுத்தார். மடிப்பு நழுவாமல் இருக்க ஒரு ஆள் பிடித்துக்கொண்டால் தையல் நேராக வருமாம். டிஷ்யூ பிடித்துக்கொண்டாள். கத்தரிக்கோல் பையிலேயே இருந்தது, அன்றைக்கும் வெளியே வரவில்லை.

வார்டின் கோடியிலிருந்து சீல் சிஸ்டர் எட்டிப் பார்த்து, இது எந்தக் கட்டத்தில் வரும் என்று கையேட்டைப் புரட்டத் தொடங்கினார்.