செம்புக்குள் ஒன்பது சீட்டு

என் மனுசன் கனகலிங்கம் ஆறு வருடமாகக் கடலில் கால் நனைக்கவில்லை. காங்கேசன்துறைக் கரையில் அவரைப்போல் சுக்கான் பிடிக்க ஆளில்லை என்று ஊரே சொன்ன மனுசன். ஒருமுறை நடுக்கடலில் மோட்டர் நின்றுபோய் மூன்று நாள் அலைந்தார். நான்காம் நாள் ஒரு கப்பலில் வந்தவர்கள் கண்டு காப்பாற்றினார்கள். வந்தவர் வள்ளத்தைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, முற்றத்தில் இருந்து ஊராரின் கிழிந்த வலைகளைப் பொத்தத் தொடங்கினார்.

கேட்டால், எங்கள் கோயில் அம்மாளைச் சாட்டி ஒரே பதில்தான்.

"அம்மாள் ஒருக்காக் காப்பாத்திப் போட்டா. திரும்பவும் போய் அவவுக்குக் கரைச்சல் குடுக்கக்கூடாது."

பயம் என்று ஒரு சொல் சொல்லட்டுமே! சொல்ல மாட்டார். எல்லாவற்றையும் அம்மாளின் தலையில் போடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் கோயிலில் திருவிழா முடிகிற தீர்த்தத்தன்று அம்மாளை வள்ளத்தில் ஏற்றிக் கடலுக்குள் கொண்டுபோய் வருவது வழக்கம். வள்ளம் கோயிலுடையது. சுக்கான் யார் பிடிப்பது என்பதில்தான் அடிபிடி. ஒரு வருடம் வள்ளக்காரர் பார்த்தீபனும் பிரகாஸும் இதற்காக ஆளுக்காள் சட்டையைப் பிடித்தார்கள். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சில்லை. அதற்குப் பிறகுதான் திருவுளச்சீட்டு வந்தது. வள்ளம் ஓட்டுகிற ஒன்பது வீடும் வீட்டுக்கொரு சீட்டில் தங்கள் ஆளின் பெயரை எழுதி மடித்துச் செம்புக்குள் போடவேண்டும். பூசகர் முத்துக்குமாரு ஐயா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். மிச்சத்தை ஒருவரும் பிரிக்கக்கூடாது. தீர்த்தத்தன்று பூவோடு கடலில் விட்டுவிடுவோம்.

"எங்கடை வீட்டிலையிருந்து வெறுஞ்சீட்டுத்தான் போகவேணும்" என்பது என் மனுசனின் கட்டளை. போன வருடங்களில் அப்படியே போட்டேன். இந்த முறை என்ன துணிச்சலோ, 'கனகலிங்கம்' என்று எழுதிவிட்டேன். போட்ட கையோடு அம்மாளைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

ஐயா எடுத்து வாசித்தது அவருடைய பெயரைத்தான்.

மனுசனுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

"நீ வெறுஞ்சீட்டுத்தானே போட்டனி? அப்ப என்ரை பேர் எப்பிடி வந்தது?"

"எனக்கென்ன தெரியும்?" என்றேன். பொய்தான்.

அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே! வெறும் கடதாசியில் அம்மாளே பேர் எழுதிவிட்டாள் என்று நம்பிவிட்டார். தீர்த்தத்தன்று விடிய எழும்பி முழுகி, விபூதி பூசி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரைக்கு நடந்தார். வழியில் இரண்டு தரம் நின்றார். ஆனாலும் நடந்தார். வள்ளத்தில் அம்மாள் பூவுக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். என் பொய்யை நம்பி அவரைக் கடலுக்கு அனுப்ப என்னால் முடியவில்லை.

"இஞ்சருங்கோ, நான்தான் எழுதினனான்" என்றேன்.

நின்றுவிட்டார். "அப்ப கூப்பிட்டது நீ. அம்மாள் இல்லை."

சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பினார். மேளம் நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை சனத்துக்கு முன்னாலும் ஐயாவிடம் உள்ளதைச் சொன்னேன்.

"என்ரை பிழை, ஐயா. வேறை சீட்டு எடுங்கோ."

ஐயா முணுமுணுத்துக்கொண்டு, கடலில் விடக் கொண்டுவந்த சீட்டுச் செம்புக்குள் கையை விட்டார். பிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"கனகலிங்கம்."

இன்னொன்று எடுத்தார். "கனகலிங்கம்." அடுத்ததும் அதுவே.

"இதென்ன கூத்து?" என்று செம்பைத் தட்டத்தில் கவிழ்த்தார். பென்சிலில், நீல மையில், கோணல் எழுத்தில், குண்டு எழுத்தில், எல்லாச் சீட்டிலும் கனகலிங்கம். முதலில் எடுத்து ஐயா மடியில் வைத்திருந்த சீட்டுக்கூட என்னுடையது இல்லை. அது பச்சை மையில் இருந்தது.

"நான் மட்டும்தான் எழுதினனெண்டு நினைச்சன்" என்றான் பிரகாஸ், தலையைச் சொறிந்துகொண்டு. "அண்ணை சுக்கான் பிடிக்காமல் இதென்ன தீர்த்தமெண்டு ஒரு மனவருத்தம்."

"பச்சை மை என்ரை. நீயுமே எழுதினனி?" என்று கேட்டான் பார்த்தீபன். அவர்கள் ஆளையாள் பார்த்துக் கதைத்ததை அன்றுதான் திரும்பக் கண்டோம்.

"நானும்தான்ரா!" என்று சின்னத்தங்கம் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒரு வீடும் மற்ற வீட்டுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எங்கள் ஊரில் அது ஒரு மணித்தியாலம் இரகசியமாகத் தங்கியிருக்குமா?

வீட்டுப் பக்கம் போன என் மனுசன் தன் பேரைக் கேட்டுத் திரும்பி வந்து சீட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். கண்ணால் தண்ணீர் ஓடியது.

"எத்தினை பேரின்ரை கையைப் பிடிச்சு அம்மாள் எழுதுவிச்சிருக்கிறா" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "எனக்குப் பயம்தான், பத்மாசினி. ஆறு வருசமாப் பயம்தான். ஆனால் ஒன்பது தரம் கூப்பிட்டும் போகாட்டில் அது பயமில்லை, திமிர்."

பயத்தோடேயே வள்ளத்தில் ஏறினார். சுக்கானில் கை பட்டதும் முதுகு நிமிர்ந்தது. "அரோகரா!" என்று கரை முழுக்கக் கத்தியது. எல்லாரையும்விட நான்தான் பலமாகக் கத்தியிருப்பேன். அம்மாள் பூவும் குடையுமாகக் கடலுக்குள் போனாள். ஒன்பது சீட்டும் பூவோடு போயின.

திரும்பி வந்து முழங்கால் தண்ணீரில் குதித்தவரிடம் துவாயை நீட்டினேன். அம்மாளைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன்.

"நாளைக்கு எங்கடை வள்ளத்தை நிமித்தவேணும். நாலு பேருக்குச் சொல்லிவிடு" என்றார்.

"நாலு பேர் என்ன," என்றேன், "எட்டு வீடும் வரும்."