செக்லிஸ்ட்டுக்கு மேல் ஒரு வார்த்தை

கூடப் பிறந்தவனே குழி பறித்தால் யாரிடம் போய் அழுவது? கேப்டன் அழவில்லை. பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

ஒன்பது வருடங்களுக்கு முன் விமானிகள் வேலைநிறுத்தம் செய்தபோது, மூன்றாம் நாளே சீருடையை மாட்டிக்கொண்டு உள்ளே போனவன் அவள் தம்பி. போனது மட்டுமா? அக்கா ஓட்டவேண்டிய விமானத்தையே ஓட்டினான். கம்பெனி குளிர்ந்துபோய் அவனைக் கேப்டன் ஆக்கியது. அவளை வெளியே தள்ளியது. நான்கு வருடம் கோர்ட் படி ஏறி இறங்கி அவள் ஜெயித்தாள். சீனியாரிட்டி பட்டியலில் அவளுடைய பழைய எண், நாற்பத்தொன்று, திரும்ப வந்தது. தம்பியின் பதவி உயர்வு செல்லாது என்றாகி, அவன் கோ-பைலட்டாகப் பட்டியலின் அடியில் போய் விழுந்தான். நன்றாக வேண்டும்.

வேலைநிறுத்தத்தை உடைத்தவனுக்கு விமானிகள் ஒரு தண்டனை வைத்திருந்தார்கள். காக்பிட்டில் வேலைக்கு வேண்டிய பேச்சில் ஒரு சொல்லும் குறையாது. அதற்கு மேல் ஒரு சொல்லும் கிடையாது. ஓய்வறையில் அவன் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலி காலியாகும்.

இப்போது கம்பெனி ஆட்குறைப்பு என்கிறது. பட்டியலின் அடியிலிருந்து எட்டுப் பேர். தம்பி அதில் ஒருவன். எல்லோரும் மாதம் பத்து மணி நேர வேலையை விட்டுக்கொடுத்தால் எட்டுப் பேரும் தப்பலாம் என்று சங்கம் பேசி முடித்திருந்தது. ஒரு கையெழுத்து குறைந்தாலும் ஒப்பந்தம் இல்லை. இன்று மாலை கெடு. நாற்பத்தொன்றுக்கு எதிரே மட்டும் கட்டம் காலி.

"அதுல ஏழு பேர் சின்னப் பசங்கம்மா. ஒருத்தனுக்காக எல்லாரையும் வெட்டிடாதீங்க," என்று காலையிலேயே கெஞ்சினார் சங்கச் செயலாளர் மீசை.

"வந்து சொல்றேண்ணே."

அன்றைக்கென்று பக்கத்து இருக்கையில் தம்பி. தரையிறங்கி, நிறுத்தி, இன்ஜினை அணைத்தார்கள்.

"பார்க்கிங் செக்லிஸ்ட்," என்றாள்.

அவன் வரி வரியாகப் படித்தான், அவள் பதில் சொன்னாள். முடிந்ததும் அட்டையைச் சொருகாமல் கையிலேயே வைத்திருந்தான்.

"அக்கா, தப்புதான். வீட்டுக் கடன் கழுத்தை நெரிக்குது. இதை விட்டா எனக்கு வேற கதியில்ல."

அவள் பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். உள்ளே தேன் குடித்த மாதிரி இருந்தது. கெஞ்சட்டும். ஒன்பது வருடம் எரிந்த வயிறு இது.

விமானிகள் அறையில் மீசை காகிதத்தோடு நின்றார். பின்னாலேயே வந்த தம்பி வாசலில் நின்றுவிட்டான். கேப்டன் பேனாவைக் கேட்டு வாங்கி, கையெழுத்துப் போட்டாள்.

மீசைக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்த மனசு யாருக்கும்மா வரும்?"

"மனசும் இல்ல, மண்ணும் இல்ல. அந்த ஏழு பேரும் நம்ம ஆளுங்க." பிறகு அவள் வாசல் பக்கம் திரும்பினாள்.

"உன்னை அனுப்பிட்டா ஒரு வருஷம் திண்டாடுவ. அப்புறம் எங்கயாவது வேலை கிடைக்கும். அங்க எவனாவது உன்னைச் சாப்பிட்டியான்னு கேப்பான். அது உனக்குக் கிடைக்கக் கூடாது. நான் ரிட்டயர் ஆக இன்னும் பதினாறு வருஷம் இருக்கு. இங்கயே இரு."

"அக்கா..."

அவள் பேனாவை மூடி மீசையிடம் கொடுத்தாள்.

"அண்ணே, சாப்பிட்டீங்களா? வாங்க, போலாம்."