திரும்பிப் போகும் குதிரை

ஜெயகரன் இறந்து ஓராண்டு கழிந்த பிறகும் அவருடைய மின்னஞ்சலுக்குக் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. கணினிக்குச் சதுரங்க நிரல்களை எழுதுகிறவர்கள் எழுதியவை. போலந்திலிருந்து ஒருவர், பிரேசிலிலிருந்து ஒருவர், ஊர் பெயரே போடாதவர் சிலர். எல்லோருக்கும் ஒரே வேண்டுகோள்: என் நிரலின் புதிய பதிப்பை உங்கள் எழுபத்துமூன்று நிலைகளில் ஓட்டிப் பார்த்து எத்தனை தேறியது என்று சொல்ல முடியுமா?

அந்த எழுபத்துமூன்று நிலைகளும் ஜெயகரன் பத்து வருடம் உட்கார்ந்து திரட்டியவை. ஒவ்வொன்றும் ஆட்டத்தின் நடுவே நின்றுபோன ஒரு பலகை. ஒரே ஒரு நகர்வுதான் சரி. அது எளிதில் கண்ணில் படாது. ஒரு நிலைக்குப் பத்து விநாடி என்று நிரலுக்கு நேரம் கொடுப்பார். அதற்குள் சரியான நகர்வைச் சொன்னால் ஒரு மதிப்பெண். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் பரிசோதனைப் பிரிவில் அவருக்கு வேலை. ஷூவின் அடிப்பகுதியை இயந்திரத்தில் மாட்டி, எத்தனை ஆயிரம் தடவை மடக்கினால் விரிசல் விடுகிறது என்று பார்க்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் வீட்டில் இந்த வேலை. முப்பத்தொன்பது வயதில், ஒரு பிப்ரவரிச் சனிக்கிழமை காலை, கம்பெனி கேட்டருகே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அவருடைய மனைவி ஃபீபி வேலூரில் ஒரு மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் இருந்தாள். தினமும் காட்பாடி வரை ரயில், அங்கிருந்து பஸ். சதுரங்கம் அவளுக்கு அவ்வளவாக ஆட வராது. ஆனால் நிரல்களை ஓட்டத் தெரியும். கடிதங்களுக்குப் பதில் போடாமல் விட மனம் வராமல், ஞாயிறு மதியங்களில் அவளே அவருடைய மடிக்கணினியைத் திறந்து சோதித்து, முடிவுகளை அனுப்பத் தொடங்கினாள்.

ஏப்ரல் மாதத்தில் ஷபீ அஹமது வந்தான். இரண்டு தெரு தள்ளி வீடு. பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதுகிறவன். ஜெயகரனோடு பேசிப் பேசித்தான் அவனுக்கும் இந்தப் பைத்தியம் பிடித்தது. அவனே முதல்முதலாக ஒரு சதுரங்க நிரல் எழுதியிருந்தான். பியாதா என்று பெயர் வைத்திருந்தான், உருதுவில் சிப்பாய். ஃபீபியை அவன் பாபி என்றுதான் கூப்பிடுவான், அண்ணி என்று அர்த்தம்.

"பாபி, சும்மா ஓட்டிப் பாருங்க. முப்பது தேறுனா போதும், நான் கறி பிரியாணி வாங்கித் தர்றேன்" என்றான்.

ஃபீபி ஓட்டினாள். ஐம்பத்தொன்று தேறியது.

"அட, ஜாஸ்தியா இருக்கே!" என்று ஷபீ நாற்காலியில் நிமிர்ந்தான்.

ஃபீபி சிரிக்கவில்லை. தவறிப்போன நிலைகளின் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டாவது நிலை. யானையைக் கொடுத்துவிட்டு ராணியோடு பாய்வதாகப் பியாதா சொல்லியிருந்தது. அந்த நகர்வை அவள் ஏற்கெனவே எங்கேயோ எழுதியிருக்கிறாள்.

எழுந்துபோய் பீரோவிலிருந்து ஒரு நீளமான பள்ளிக்கூட நோட்டை எடுத்து வந்தாள். எந்த நிலையையும் கணினிக்குக் கொடுப்பதற்கு முன்னால் ஜெயகரன் தானே ஒரு முறை முயல்வார். தனக்குப் பத்து நிமிடம். ஃபீபி கைபேசியில் நேரம் பார்த்து, அவர் சொன்ன நகர்வை நோட்டில் எழுதுவாள். சரியோ தப்போ, எழுதியே ஆக வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். அந்த நோட்டை வேறு யாரும் பார்த்ததில்லை.

எட்டாவது நிலை: யானையைக் கொடுப்பது. தப்பு. அவள் கையெழுத்தில் இருந்தது.

"அடுத்த தப்பு எது?" என்று கேட்டாள்.

"பதினொண்ணு. ராணி, எச்6 கட்டத்துக்கு."

நோட்டில் அதேதான் இருந்தது.

"அடுத்தது?"

இருபத்திரண்டு தப்புகளையும் ஷபீ ஒவ்வொன்றாக வாசித்தான். இருபத்திரண்டும் நோட்டில் இருந்தன. அதே எண்கள், அதே தப்பான நகர்வுகள். ஜெயகரனுக்குத் தேறியவை ஐம்பத்தொன்று. வாசித்து முடிக்கும்போது ஷபீயின் குரல் இறங்கிவிட்டது.

"அவரு ஆடுன ஆட்டத்தையெல்லாம் காட்டியா இதுக்குக் கத்துக்குடுத்த?" என்று ஃபீபி கேட்டாள்.

"இல்ல பாபி. நெட்ல கெடைக்கிற ஆட்டங்கதான். யாரோ யாரோ ஆடுனது, லட்சக்கணக்குல. அண்ணன் எங்க ஆட்டம் ஆடுனாரு? அவருக்கு முழுசா ஒரு ஆட்டம் ஆடப் பொறுமையே கெடையாதே."

அது உண்மைதான். அவருக்குப் புதிர்கள் மட்டுமே பிடிக்கும்.

ஷபீ அன்றைக்கு முழுக்க அந்தத் தப்புகளைத் திரும்பத் திரும்ப ஆராய்ந்தான். சாயங்காலம் காபியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான்.

"ஒரு விஷயம் இருக்குது பாபி. இருபத்திரண்டுல பதினேழுல குதிரைதான் வில்லன். எட்டாவத பாருங்க. யானையக் குடுத்துட்டா ஜெயிச்ச மாதிரிதான் தெரியும். ஆனா கறுப்புக் குதிரை பின்னால எஃப்8-க்குத் திரும்பிடுச்சுன்னா எல்லாம் அடைஞ்சுபோவும். பதினேழுலயும் இதே கதைதான். முன்னால வர்ற குதிரைய இது பாக்குது. பின்னால போற குதிரைய பாக்கவே மாட்டேங்குது."

"அவருக்கும் அதான்" என்றாள் ஃபீபி. "திரும்பிப் போற குதிரை என் கண்ணுக்குத் தெரியவே மாட்டேங்குதுன்னு அவரே சொல்வாரு."

"மனுஷனுக்கு அப்படி ஆவும். முன்னால பாஞ்சு பழக்கம். மெஷினுக்கு முன்னாலயும் பின்னாலயும் ஒண்ணுதான பாபி? குதிரைக்கு எட்டுக் கட்டம்னா எட்டையும் எண்ணித்தான் ஆவணும். நானே எழுதுன புரோகிராம். எட்டும் இருக்குது, பாத்துட்டேன்."

தோல் தொழிற்சாலைப் பக்கமிருந்து காற்று வீசியதால் ஃபீபி எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். அப்புறம் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள்.

அங்கே எழுபத்துநான்கு என்று எண் இருந்தது. கீழே அவர் பென்சிலால் வரைந்த பலகை. இறப்பதற்கு முந்தின நாள் வரைந்தது. "நாளைக்குப் பாக்கறேன்" என்று மூடிவைத்துவிட்டார். விடை எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. அந்த நிலையை இதுவரை எந்த நிரலுக்கும் அவள் கொடுத்ததில்லை.

"இதப் போடு" என்றாள்.

முதலில் உலகத்தில் எல்லோரும் பயன்படுத்துகிற பெரிய நிரல் ஒன்றில் போட்டான். மூன்று விநாடியில் விடை வந்தது. ஜி3 கட்டத்தில் நிற்கும் வெள்ளைக் குதிரையைப் பலகையின் மூலைக்கு, எச்1 கட்டத்துக்கு, திருப்பி வைக்க வேண்டும். அங்கிருந்து அது வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு வரும். பின்னால் போகும் குதிரைதான் விடை.

பிறகு பியாதாவுக்குக் கொடுத்தான்.

பத்து விநாடி ஆனது. பதில் இல்லை. இருபது ஆனது. ஒரு நிமிடம் ஆனது.

"இது எப்படி?" என்று ஷபீ எழுந்தே விட்டான். "பத்து செகண்டுல நிறுத்தித்தான் ஆவணும். தெரியலன்னாலும் கையில இருக்கறத சொல்லிட்டு நிக்கணும். அப்படித்தான் எழுதியிருக்கேன்."

திரையில் 'இப்போதைக்குச் சிறந்தது' என்ற வரி மட்டும் மாறிக்கொண்டிருந்தது. ராணி. யானை. மறுபடி ராணி. கொஞ்சம் தாமதித்து, யானை. மறுபடி ராணி. ஃபீபிக்கு அது தெரிந்த வேகமாக இருந்தது. ஜெயகரனும் இப்படித்தான், ராணியின் தலைமேல் கையைக் கொண்டுபோவார், எடுத்துவிடுவார், யானையைத் தொடுவார், மீண்டும் ராணிக்குப் போவார். அவள் எதிரில் உட்கார்ந்து பத்து வருடம் பார்த்த கை.

ஷபீ நிறுத்தும் பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனான்.

"நிறுத்தாத" என்றாள்.

மடிக்கணினியை அப்படியே முன்னறை மேசையில் ஓடவிட்டாள். திங்கட்கிழமை வேலைக்குப் போய்த் திரும்பியபோதும் ஓடிக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமையும் ஓடியது. அவள் காலையில் அதன் எதிரில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டாள். சாயங்காலம் ரயிலை விட்டு இறங்கியதும் கடைக்குக்கூடப் போகாமல் நேராக வீட்டுக்கு வந்தாள். புதன்கிழமை ஜெபக் கூட்டத்துக்குப் போகவில்லை. வியாழக்கிழமை கரண்ட் போய், மின்விசிறி நின்று, பேட்டரியும் தீரும் கட்டத்துக்கு வந்தபோது அவள் செருப்புக்கூடப் போடாமல் வெளியே ஓடினாள். பக்கத்து வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து வயர் இழுத்து மாட்டினாள். அன்றைக்குத்தான் அவளுக்குத் தன்னைப் பற்றியே பயம் வந்தது.

அடுத்த ஞாயிறு, சர்ச் முடிந்து அவள் வந்த கொஞ்ச நேரத்தில், ஷபீ பிரியாணிப் பொட்டலத்தோடு வந்தான். திரையைப் பார்த்ததும் பொட்டலத்தைக் கீழே வைத்தான்.

"இன்னுமா ஓடுது?"

"ஓடுது."

"பாபி, கோவிச்சுக்காதீங்க. இது நல்லா இல்ல. எங்க அம்மாகிட்ட சொன்னேன், அவங்களும் அதான் சொன்னாங்க. ஏழு நாளா ஒருத்தரு நாற்காலிய விட்டு எழுந்திருக்காத மாதிரி இருக்குது. இது அவருக்கும் பேஜாரு, உங்களுக்கும் பேஜாரு."

அவருக்கும் என்று அவன் சொன்னதை இருவருமே கவனித்தார்கள். அவன் திருத்திக்கொள்ளவில்லை.

ஃபீபி நாற்காலியை இழுத்துப்போட்டுத் திரைக்கு எதிரே உட்கார்ந்தாள். ராணி. யானை. ராணி.

"பத்து நிமிஷம் ஆச்சுன்னா எங்கிட்ட கேப்பாரு" என்றாள். "எந்தக் காயின்னு மட்டும் சொல்லுன்னு. நான் காயோட பேர மட்டும் சொல்வேன். அதுக்கு மேல சொன்னா கோவம் வரும்."

பிறகு திரையைப் பார்த்து, சாதாரணமாகப் பேசுகிற குரலில், "குதிரை" என்றாள்.

வரி நின்றது. ஏழு நாட்களில் முதல் தடவையாக நின்றது. பிறகு மாறியது. குதிரை, ஈ4. குதிரை, எஃப்5. குதிரை, எச்5. மூன்றும் முன்னால் போகும் கட்டங்கள். மறுபடி ஈ4, எஃப்5, எச்5.

ஷபீ சுவரோரமாக நகர்ந்தான். "இந்த லேப்டாப்புல மைக் கெடையாது" என்று மெல்லச் சொன்னான். "கெட்டுப்போச்சுன்னு நான்தான கழட்டிப் போட்டேன்."

ஃபீபி காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. ஒரு சொல் சொன்னால் போதும் என்று அவளுக்குத் தெரிந்தது. சொல்லாவிட்டால் நாளைக்கும் இது ஓடும், அடுத்த வாரமும் ஓடும், அவள் ரயிலைவிட்டு இறங்கி வரும்போதெல்லாம் இந்த மேசையில் இருக்கும் என்பதும் தெரிந்தது. ஈ4, எஃப்5, எச்5. அவள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிரியாணி ஆறிப்போனது.

"ஏங்க" என்றாள் கடைசியில். "கொஞ்சம் திரும்பிப் பாருங்க."

குதிரை, எஃப்1. குதிரை, ஈ2. இரண்டுமே பின்னால் இருந்த கட்டங்கள். பிறகு நீண்ட நேரம் எதுவும் இல்லை. மின்விசிறி சத்தம் மட்டும் கேட்டது.

குதிரை, எச்1.

அதற்குக் கீழே 'விடை' என்ற சொல் வந்தது. நிரல் தானாகவே மூடிக்கொண்டது. திரையில் ஃபீபியும் ஜெயகரனும் ஏலகிரியில் எடுத்துக்கொண்ட பழைய படம் மட்டும் இருந்தது.

ஃபீபி அழுதாள். ஷபீக்கு என்ன செய்வதென்று தெரியாமல், சமையலறைக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

சாயங்காலம் அவன் பியாதாவை மறுபடியும் ஓட்டினான். எழுபத்துநான்கு நிலைகளும் தேறின. எட்டாவது நிலைக்கு ஒரு விநாடிகூட ஆகவில்லை. பின்னால் போகும் குதிரைகளை எல்லா நிரல்களையும் போல அதுவும் பார்த்தது. பழைய பிரதி ஒன்றை அவன் பென் டிரைவில் வைத்திருந்தான். இரண்டையும் ஒப்பிட்டான். ஓர் எழுத்துகூட மாறியிருக்கவில்லை. அந்தப் பழைய பிரதியை ஓட்டியபோதும் எழுபத்துநான்கும் தேறின.

"நான் இத வெளிய விடப் போறதில்ல பாபி" என்றான். "ஒண்ணுமில்லாத ஆளு எழுதுன மொத புரோகிராம் எல்லாத்தையும் சரியா சொல்லுதுன்னா, விடையப் பாத்து எழுதிட்டான்னுதான் சொல்வாங்க. நெசம் என்னான்னு நான் யாருக்குச் சொல்றது?" அவள் எதிரிலேயே இரண்டையும் அழித்தான். புதிதாக வேறொன்று எழுதுவதாகச் சொன்னான். இதுவரை எழுதவில்லை.

அந்த வாரம் முழுக்க ஃபீபிக்கு வீட்டுக்கு வருவது கஷ்டமாக இருந்தது. காட்பாடி நிலையத்தில் ஒரு ரயிலை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறினாள். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று சில சமயம் தோன்றியது. அந்த வரி ராணிக்கும் யானைக்கும் இடையே தவித்துக்கொண்டிருந்ததை நினைத்தால், சொன்னதுதான் சரி என்றும் தோன்றியது. இரண்டில் ஒன்று என்று அவளால் முடிவுக்கு வர முடியவில்லை.

மே மாதம் எழுபத்துநான்காவது நிலையையும் சேர்த்து, பட்டியலின் புதிய பதிப்பை எல்லோருக்கும் அனுப்பினாள். ஒவ்வொரு நிலைக்கும் எதிரே, விடையை முதலில் கண்டவர் பெயரும் தேதியும் எழுதுவது வழக்கம். எழுபத்துநான்குக்கு எதிரே ஜெயகரன் என்று எழுதி, பியாதா விடை சொன்ன ஞாயிற்றுக்கிழமையின் தேதியைப் போட்டாள்.

போலந்துக்காரரிடமிருந்து இரண்டு நாளில் கடிதம் வந்தது. நிலை மிகவும் அழகாக இருக்கிறது, எங்கள் நிரல்கள் திணறுகின்றன, உங்கள் கணவரின் மறைவு பற்றி முன்பே எழுதியிருந்தீர்கள், அதனால்தான் கேட்கிறேன், ஆண்டில் ஏதோ பிழை விழுந்திருக்கிறது, திருத்திவிடட்டுமா என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்.

ஃபீபி மதிய இடைவேளையில், ஆவணப் பிரிவின் இரும்பு அலமாரிகளுக்கு நடுவே நின்றபடி, கைபேசியிலேயே பதில் எழுதினாள். பாராட்டுக்கு நன்றி சொன்னாள். தேதியைத் திருத்த வேண்டாம், அது சரிதான் என்று எழுதி அனுப்பிவிட்டு வேலைக்குத் திரும்பினாள்.